ராஜி வக்கீல்

வணக்கம்.

என் அப்பா ஒரு தாலுகா ஊரில் முன்சீப் கோர்ட் வக்கீலாக இருந்தவர். சென்ற ஆண்டு காலமானார். முதல் வருஷ நினைவுக்கு ஒரு சிறு மலர் கொண்டுவர நினைக்கிறோம். அவர் ஜெயித்த பெரிய வழக்குகளைப் பட்டியல் போட வேண்டும் என்கிறார் சித்தப்பா. தேடினால் அப்படி எதுவும் அகப்படவில்லை. ஊரில் அவருக்கு 'ராஜி வக்கீல்', அதாவது சமரச வக்கீல், என்று பெயர். கேலியாகச் சொன்னவர்களும் உண்டு. அறை நிறைய டைரிகளும் கேஸ் கட்டுகளும் கிடக்கின்றன. அவருடைய குமாஸ்தா எண்பதைத் தாண்டிவிட்டார், ஊரிலேயே இருக்கிறார். அப்பா தன் சொத்தை எனக்கும் தம்பிக்கும் சரிபாதியாக எழுதினார். ஏன் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. எதை எழுதுவது, எதை விடுவது? என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

சித்தப்பா கேட்கும் பட்டியல் கிடைக்காது. சட்ட இதழ்களில் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் சொன்ன தீர்ப்புகள்தான் வரும். முன்சீப் கோர்ட்டில் ஆயுள் முழுக்க நின்றவரின் பெயருக்கு அச்சில் தடயமே இருக்காது.

'ராஜி வக்கீல்' என்பதைத் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். மலருக்கு அதையே தலைப்பாக வையுங்கள். ஒரு பாகப்பிரிவினை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிராது, எதிருரை, சாட்சி விசாரணை எல்லாம் முடிந்து முதல்நிலைத் தீர்ப்பாணை வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். அதிலும் யாருக்கு எத்தனை பங்கு என்றுதான் இருக்கும். எந்தத் துண்டு யாருக்கு என்று தெரிய கமிஷனர் வந்து அளக்க வேண்டும், இறுதித் தீர்ப்பாணை வேண்டும், அப்புறம் நிறைவேற்று மனு, நடுவில் அப்பீல். தீர்ப்பாணை வாங்கிய பிறகுதான் இந்தியாவில் வழக்காடுபவனின் கஷ்டமே தொடங்குகிறது என்று 1872-லேயே, அன்றைக்கு நம் வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி அப்பீல் மன்றமான பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. கிணற்றுக்கும் வரப்புக்கும் ஒரு வழி சொல்லி, அண்ணன் தம்பி இருவரையும் ராஜி மனுவில் கையெழுத்துப் போட வைத்தவர், தனக்கு வரக்கூடிய பல வருஷத்து வாய்தா பீஸைத் தானே வேண்டாம் என்றவர். டைரியில் இது தெரியும். ஒரே ஓ.எஸ். நம்பர், அதாவது வழக்கு எண், மாதாமாதம் வந்துகொண்டிருக்கும். திடீரென்று ஒரு நாள் 'ராஜி' என்று எழுதியிருக்கும், அதன்பின் அந்த நம்பரே வராது. அந்தப் பக்கங்களை எண்ணிச் சித்தப்பாவிடம் காட்டுங்கள்.

1989-க்குப் பிந்தைய டைரிகளைத் தனியே எடுத்து வையுங்கள். அந்த ஆண்டு மார்ச் 25-ல் தமிழ்நாட்டின் வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனைப் போல மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு என்றாயிற்று. ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் வந்துதான் இந்த வேறுபாடு போனது. அதுவரை, பங்கு கேட்டு வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் "உனக்குக் கல்யாணம் எப்பம்மா ஆச்சு?" என்று உங்கள் அப்பா கேட்டிருப்பார். ஒரே வீட்டில் தங்கைக்கு உண்டு, அக்காவுக்கு இல்லை என்று சொல்லி அனுப்பியிருப்பார். அப்படிச் சொல்லி நொந்த மனிதர் தன் வீட்டில் சரிபாதி எழுதினார் என்றுதான் நான் நினைக்கிறேன். வக்கீலையும் குடும்பஸ்தரையும் தனித்தனி அத்தியாயமாகப் பிரிக்காதீர்கள்.

வ.உ.சி.யைப் பாருங்கள். ஒட்டப்பிடாரத்தில் அப்பாவும் வக்கீல், மகனும் வக்கீல். 1908 தண்டனையோடு வக்கீல் தொழில் நடத்த அவருக்கு இருந்த உரிமமான சன்னத் பறிபோனது. பின்னாளில் அது திரும்பக் கிடைக்க உதவிய வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் நினைவாகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கப்பலும் செக்கும் எல்லோருக்கும் தெரியும். சிறையிலிருந்து வந்து, கோவில்பட்டியில் மறுபடியும் வக்கீலாக நின்று குடும்பத்தைக் காப்பாற்றப் பாடுபட்ட வ.உ.சி.யின் மேல் எனக்குத் தனி மரியாதை.

எதை விடுவது என்று கேட்டீர்கள். கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது, வழக்கு முடிந்த பிறகும் சொல்லக் கூடாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு அது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 132-ஆம் பிரிவு. குமாஸ்தாவையும் அது கட்டும். அப்பா காத்ததை நீங்களும் காக்க வேண்டும். பெயரை மாற்றி எழுதினாலும் சின்ன ஊரில் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆகவே அந்தக் கதைகளை மொத்தமாகவே விட்டுவிடுங்கள். கட்டுகளில் அசல் பத்திரம் ஏதும் இருந்தால் உரியவரிடம் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மலர் வேலைக்கு முன்னால் குமாஸ்தாவைப் போய்ப் பாருங்கள். வழக்கு விவரம் கேட்காதீர்கள், அவர் சொல்லவும் மாட்டார். பீஸ் இல்லாமல் எத்தனை பேருக்கு நடத்தினார், தோற்ற அன்று வீட்டுக்கு வராமல் எங்கே உட்கார்ந்திருந்தார், உங்கள் பள்ளி விழாவுக்காக வாய்தாவைத் தள்ளி வாங்கியது உண்டா என்று கேளுங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.