நம்பிப் போய் ஏமாந்தது ‘ஹாலோவீன் எண்ட்ஸ்’ படத்தில்தான்

அதிகம் எதிர்பார்த்து ஏமாந்த திகில் படம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் யோசிக்கவே வேண்டியதில்லை. 2022-இல் வந்த ‘ஹாலோவீன் எண்ட்ஸ்’. இன்னும் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முடிவு வரை சொல்லப்போகிறேன்.

முதல் ‘ஹாலோவீன்’ படத்தை நான் பார்த்தது 1999 வாக்கில், கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு வரவேற்பறையில். அத்தை மகன் பசார் மாலம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிவந்த விசிடி. ஒரு படத்துக்கு இரண்டு தட்டு. தோழிகளைக் காணோமே என்று கதாநாயகி லோரி இருட்டில் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போகிறாள். அவள் பாதித் தெருவில் இருக்கும்போது முதல் தட்டு முடிந்துவிட்டது. திரை நீலமாக நின்றது. தட்டை மாற்ற எழுந்து போக எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை. “நீ போடா”, “நீ போ மச்சான்” என்று அந்த நீல வெளிச்சத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

1978-இல் ஜான் கார்பெண்டர் சுமார் மூன்று லட்சம் டாலரில் எடுத்த படம் அது. ரத்தம் மிகக் குறைவு. படம் முழுக்கச் சாவது ஐந்தே பேர், அதில் ஒருவர் சாவதை நாம் பார்ப்பதுகூட இல்லை. கொலைகாரன் மைக்கேலின் முகமூடி, கடையில் வாங்கிய ‘ஸ்டார் டிரெக்’ கேப்டன் கிர்க் முகமூடிதான். வெள்ளைச் சாயம் அடித்துக் கண் ஓட்டைகளைப் பெரிதாக்கினார்கள். ஆனால் லோரி சன்னல் வழியாக எட்டிப் பார்க்கும்போது, கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே மைக்கேல் சும்மா நிற்பானே, அது போதும். அப்புறம் பல மாதம் பொழுது சாய்ந்த பிறகு பின்சந்துப் பக்கம் துணி எடுக்க நான் போகவே மாட்டேன். அவன் ஏன் கொல்கிறான் என்று படம் சொல்லாது. அந்தப் பயம் அதனால்தான் இத்தனை வருடம் நிற்கிறது.

2018-இல் டேவிட் கோர்டன் கிரீன் அதே தலைப்பில் அந்தக் கதையைத் தொடர்ந்தபோது எனக்குக் கண் கலங்கியது என்றே சொல்வேன். நாற்பது வருடம் கழித்து வருகிறாள் லோரி. வீட்டையே கோட்டையாக்கி, துப்பாக்கி பழகி, மகளையும் அப்படியே வளர்த்து, அதனாலேயே மகளின் உறவை இழந்து நிற்கிறாள். லோரியாக வரும் ஜேமி லீ கர்ட்டிஸ் அதை நடித்த மாதிரியே இல்லை.

அது ஏன் என்னை அப்படித் தொட்டது என்றும் சொல்லிவிடுகிறேன். 2011-இல் எங்கள் வீட்டில் திருடன் புகுந்தான். சமையலறை சன்னலின் கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாக உருவி, உடையாமல், துணி துவைக்கும் மெஷின் மேல் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு உள்ளே வந்திருக்கிறான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, நகைதான் போனது. ஆனால் அன்று முதல் இன்றுவரை அம்மா தூங்கப் போகுமுன் கிரில் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் இருந்ததில்லை. அந்தச் சன்னலுக்கும் கம்பி போட்டாயிற்று. “எல்லாம் பூட்டியாச்சும்மா” என்று நான் சொன்னாலும் எழுந்து போவார்.

இப்போது ‘எண்ட்ஸ்’ படத்துக்கு வருகிறேன். முந்தைய பாகமான ‘ஹாலோவீன் கில்ஸ்’ முடிவில் மைக்கேல் லோரியின் மகளைக் கொன்றுவிட்டுத் தப்பிவிடுகிறான். ‘எண்ட்ஸ்’ தொடங்கும்போது நான்கு வருடமாகியும் அவன் சிக்கவில்லை. உயிரோடு எங்கோ இருக்கிறான். லோரியோ ஊருக்குள் சாதாரண வீடு எடுத்து, பேத்தியோடு ‘பம்ப்கின் பை’ என்ற பூசணிப் பலகாரம் சுட்டுக்கொண்டு, தன் கதையைப் புத்தகமாக எழுதிக்கொண்டு, சூப்பர்மார்க்கெட்டில் பழைய நண்பரிடம் வெட்கத்தோடு பேசிக்கொண்டிருக்கிறாள். மகள் சாகாதபோது நாற்பது வருடம் கதவைப் பூட்டியவள், மகள் செத்த பிறகு கதவைத் திறந்து வைக்கிறாள்!

அவள் பயத்தை விடத் தீர்மானித்தாள், அதுதான் கதை என்று சிலர் சொல்வார்கள். சரி, விடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. அவள் பூட்டாமல் தூங்கிய முதல் ராத்திரியை ஒரே ஒரு காட்சியில் காட்டியிருந்தால் நான் கும்பிட்டிருப்பேன். அவள் எழுதும் புத்தகத்தின் வரிகளைக் குரலாகப் படிக்கவிட்டு அந்த நான்கு வருடத்தையும் தாண்டிப் போய்விடுகிறது படம்.

அதற்குப் பதில் வருகிறான் கோரி என்ற இளைஞன். ஒரு வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்ளப் போன இடத்தில் அந்தப் பையன் விளையாட்டாக இவனை மாடி அறையில் பூட்டுகிறான். இவன் உதைத்த கதவு பையன் மேல் பட்டு, பெற்றோர் வாசலில் நுழையும் நேரத்தில் அவன் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே விழுகிறான். அபாரமான காட்சி அது, மனதாரச் சொல்கிறேன். புதிதாக ஒன்றை முயன்றதிலும் எனக்குக் கோபமில்லை. 1982-இல் வந்த மூன்றாம் பாகத்தில் மைக்கேலே கிடையாது, அதை இன்றும் ரசித்துப் பார்ப்பேன். அந்தப் படம் அவன் பெயரைச் சொல்லி ஆள் சேர்க்கவில்லை. இதுவோ நாற்பது வருடக் கணக்கைத் தீர்க்கிறேன் என்று சொல்லிக் கூப்பிட்டது. அரை மணி நேரத்துக்கும் மேல் மைக்கேல் கண்ணிலேயே படமாட்டான். பட்டதும் பாதாளச் சாக்கடையில் ஒளிந்திருக்கும் நோயாளி மாதிரி இருக்கிறான். அப்புறம் கோரி அவனிடமிருந்தே முகமூடியைப் பிடுங்கிக்கொண்டு போகிறான். அந்த இடத்தில் எனக்குப் படம் முடிந்துவிட்டது. எதற்கும் அசையாத ஒரு உருவம் என்றுதானே இத்தனை வருடம் பயந்தோம்? ஒரு பையன் மல்லுக்கட்டிப் பறித்துவிட முடியும் என்றால் பயப்பட என்ன இருக்கிறது?

கடைசிச் சண்டை சமையலறையில் சில நிமிடங்களில் முடிகிறது. லோரி கத்தியால் மைக்கேலின் கைகளை மேசையோடு குத்தி, மேலே ஃபிரிட்ஜைச் சாய்த்து, கழுத்தையும் மணிக்கட்டையும் அறுத்துக் கொல்கிறாள். பிறகு ஊரே ஊர்வலமாகப் போய்ப் பழைய இரும்புக் கிடங்கில் உடலை அரைத்துப் போடுகிறது. இந்த மனிதர்களையெல்லாம் படம் அதுவரை நமக்குப் பழக்கவே இல்லை, அவர்கள் நிம்மதி நமக்கு எப்படி ஒட்டும்?

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது: 1978 படத்தை இரவில் விளக்கணைத்துப் பாருங்கள், அடுத்த நாளே 2018 படத்தைப் பாருங்கள். அங்கேயே நிறுத்திவிடலாம். ‘எண்ட்ஸ்’ கையில் கிடைத்தால் கோரி கதவை உதைக்கும் அந்தத் தொடக்கத்தையும், யாருமில்லாத அறைகள் ஒவ்வொன்றாக வந்து முகமூடி மேசையில் தனியாகக் கிடக்கும் கடைசி நிமிடத்தையும் மட்டும் பாருங்கள். முதல் படமும் இப்படி வெறும் அறைகளைக் காட்டித்தான் முடியும். அதில் மைக்கேலின் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.