பீட்டர்சனின் அப்பா ஏன் ஹான்சன்?

கேள்வி: என் கணவரின் குடும்பப் பெயர் பீட்டர்சன். முன்னோர் வடக்கு ஜெர்மனியில் ஃபிளென்ஸ்பூர்க் பக்கத்துக் கிராமத்தினர். சர்ச் பதிவேடுகளில் தேடியதில், 1780-களில் திருமணமான ஹான்ஸ் பீட்டர்சன் வரை போய்விட்டோம். அவருடைய அப்பாவாகக் கிடைப்பவரோ பீட்டர் ஹான்சன். தவறான ஆளைப் பிடித்துவிட்டோமா?

பதில்: பெயர் மாறியிருப்பதை வைத்து அவரைத் தள்ளிவிடாதீர்கள். அந்த ஊருக்கும் காலத்துக்கும் அதுதான் பொருத்தம்.

ஃபிளென்ஸ்பூர்க் இருக்கும் ஷ்லெஸ்விக் பகுதி அன்று டேனிஷ் மன்னரின் ஆட்சியில் இருந்தது. அங்கே கிராமத்து மக்களில் பெரும்பாலோருக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. நம் ஊரில் அப்பா பெயர் இனிஷியலாக வருவதுபோல, அங்கே அப்பா பெயரோடு 'மகன்' என்று பொருள்படும் 'சன்' சேரும். பீட்டரின் மகன் ஹான்ஸ் என்றால் ஹான்ஸ் பீட்டர்சன். அவருடைய மகன் ஹான்சன் ஆகிவிடுவார். 1771-ல் வந்த அரசாணைதான் இதை நிறுத்தி, ஒரே பெயரைத் தலைமுறைதோறும் தொடரச் சொன்னது. கிராமங்கள் உடனே பணிந்துவிடவில்லை. சில வீடுகளில் பழைய வழக்கம் மேலும் பல ஆண்டுகள் நீடித்தது. அதனால் பீட்டர்சன்கள் எல்லாரும் ஒரே வம்சம் இல்லை. பீட்டர் என்ற அப்பா இருந்த எத்தனையோ வீடுகளில் இந்தப் பெயர் தனித்தனியாக நிலைத்துவிட்டது.

நீங்கள் கவனிக்க வேண்டிய சிக்கல் வேறு. மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தாவின் பெயரை வைப்பது அங்கே பரவலான வழக்கம். அப்படியானால் பீட்டர் ஹான்சனின் அப்பாவும் ஒரு ஹான்ஸ் பீட்டர்சனாகவே இருக்கலாம். தாத்தாவையும் பேரனையும் ஒருவர் என்று எண்ணி இரண்டு தலைமுறையை விழுங்கிவிடுவது மிக எளிது. ஊரில் அதே பெயரில் இன்னும் இரண்டு மூன்று பேரும் இருந்திருப்பார்கள்.

ஆகவே பெயரை நம்பாமல், பண்ணையையும் மனைவியின் பெயரையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நானப் பதிவில் ஞானப்பெற்றோர் பெயர்களை ஒன்றுவிடாமல் எழுதி வையுங்கள். அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவினர்கள். அப்புறம் 1803 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீடு வீடாகப் பெயரும் வயதும் இருப்பதால், முதிய பெற்றோர் மகன் வீட்டிலேயே வாழ்ந்திருந்தால் உறவு தெளிவாகிவிடும்.

ஜெர்மன் பக்கத்துப் புராட்டஸ்டன்ட் பதிவேடுகள் பல 'ஆர்கியோன்' தளத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. 1920 வாக்கெடுப்புக்குப் பின் டென்மார்க்கோடு சேர்ந்த கிராமமாக இருந்தால், டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அங்கே தேடும்போது டேனிஷ் வடிவமான 'பெடர்சன்' என்றும் போட்டுப் பாருங்கள்.