கியர் பாக்ஸ் மாற்றிய அம்பாசடருக்குப் புரொப்பல்லர் ஷாஃப்ட்: லேத்துக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை

குடியாத்தம் வாசகர் ஒருவரின் கேள்வி: "என் பழைய அம்பாசடரில் நான்கு கியர் பாக்ஸை எடுத்துவிட்டு, பிந்தைய மாடலின் ஐந்து கியர் பாக்ஸைப் பொருத்தியிருக்கிறேன். பழைய புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளம் இப்போது பொருந்தவில்லை. வேலூரில் ஒரு லேத் பட்டறையில் வெட்டி வெல்டிங் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். அது போதுமா?"

போதாது. புரொப்பல்லர் ஷாஃப்ட் என்பது கியர் பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுசெல்லும் நீண்ட குழாய். வெட்டுவது இந்த வேலையின் கடைசிப் பகுதிதான். அதற்கு முன் கோணமும் நீளமும் சரியாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

முதலில் கியர் பாக்ஸைத் தாங்கும் மவுண்டுக்குப் புது ரப்பர் போட்டு இறுக்கிவிடுங்கள். நைந்த ரப்பரை வைத்து எடுக்கும் அளவு பிறகு மாறிவிடும். அடுத்து, வண்டி நான்கு சக்கரங்களிலும் தன் முழு எடையோடு சமதளத்தில் நிற்க வேண்டும். ஜாக்கி போட்டுப் பின் ஆக்சிலைத் தொங்கவிட்டு அளந்தால் நீளம், கோணம் இரண்டுமே தவறிவிடும் என்பதால், பட்டறையில் குழி இருந்தால் அதன்மேல் நிறுத்தி அளப்பதே நல்லது.

ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள யுனிவர்சல் ஜாயிண்ட் (பட்டறை மொழியில் கிராஸ்) கோணத்தில் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்டின் வேகம் இருமுறை கூடிக் குறைகிறது. முன் கிராஸில் எழும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பின் கிராஸ் ஈடுசெய்ய வேண்டுமானால், இரு கிராஸின் கோணங்களும் சமமாக இருக்க வேண்டும். உதாரணமாக, பாக்ஸின் வால் (பின்முனை) 3 டிகிரி கீழ்நோக்கியும், பின் ஆக்சிலின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலில் ஷாஃப்ட் வந்து இணையும் பினியனின் மூக்கு 3 டிகிரி மேல்நோக்கியும், ஷாஃப்ட் 5 டிகிரி சரிவாகவும் இருந்தால், இரு கிராஸிலும் 2 டிகிரி கிடைக்கும். ஒவ்வொன்றும் 1 முதல் 3 டிகிரிக்குள் இருக்கட்டும். இரண்டுக்கும் இடையே 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். கோணமே இல்லாமல் நேராக இருப்பதும் நல்லதல்ல, கிராஸ் கப்பிலுள்ள ஊசி ரோலர்கள் அசையாமல் ஒரே இடத்தில் தேயும். திருத்தம் தேவைப்பட்டால் ஆக்சிலுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு வடிவ இரும்புத் தகடு வைக்கலாம். வண்டி இழுக்கும்போது ஸ்பிரிங் முறுக்கிப் பினியன் மூக்கு சற்று மேலெழும் என்பதால், நிற்கும் நிலையில் அதை மிகச் சிறிது தாழ்வாக விடுவது என் வழக்கம்.

கோணம் அமைந்த பிறகே நீளம். ஸ்லிப் யோக்கை (பாக்ஸுக்குள் முன்பின் நகரும், ஷாஃப்டின் முன்முனைக் கவ்வி) முழுவதும் உள்ளே தள்ளி, 20 முதல் 25 மில்லிமீட்டர் வெளியே இழுத்து, அந்த நிலையில் இரு கிராஸ்களின் மையத்துக்கு மையம் அளந்துகொள்ளுங்கள். இந்த இடைவெளி இல்லாவிட்டால், ஆட்கள் நிறைந்த வண்டி ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது ஷாஃப்ட் பாக்ஸின் உள்ளே முட்டி அவுட்புட் பேரிங்கைக் கெடுத்துவிடும். அளவுக்கு மீறி வெளியே நின்றாலோ ஸ்ப்ளைனின் (யோக்கைப் பாக்ஸோடு கோத்திருக்கும் நீளவாக்குப் பற்கள்) பிடிப்பு குறைந்துவிடும்.

லேத்தில் குழாயை வெட்டும் முன் அதன் முழு நீளத்துக்கும் ஊசியால் ஒரு கோடு கீறச் சொல்லுங்கள். வெல்டிங்கின்போது அந்தக் கோடு நேராக இணைந்தால்தான் இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் நிற்கும். இதில் பிசகினால் கோணங்கள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பயனில்லை. வெல்டிங் முடிந்ததும் டைனமிக் பேலன்சிங் (ஷாஃப்டைச் சுழற்றிப் பார்த்து எடையைச் சமன்செய்வது) கட்டாயம். லாரி ஷாஃப்ட் வேலை செய்யும் பட்டறைகளில் அந்த மெஷின் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

பிறகு பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில், போக்குவரத்து குறைந்த நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். அதிர்வு வந்தால், அதே வேகத்தில் ஒரு கணம் நியூட்ரலுக்கு மாற்றுங்கள். அப்போதும் அது நீடித்தால் ஷாஃப்டையும் சக்கரங்களையும் பார்க்க வேண்டும். நின்றுவிட்டால் மவுண்டையும் இன்ஜின் பக்கத்தையும் கவனியுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஷாஃப்டைப் பினியனோடு இணைக்கும் ஃப்ளாஞ்ச் போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸ்களுக்குக் கிரீஸ் அடித்துவிடுங்கள்.