டெக்னோ எது, ஹவுஸ் எது? தம்பிமார் கேட்டதற்கு என் பதில்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று சவுண்ட் சிஸ்டம் போட ஆரம்பித்து 23 வருஷமாகிறது. போன மாதம் ஒரு கல்யாண விருந்தில், ஓடிக்கொண்டிருந்த மெஷின் ஆட்ட இசை டெக்னோவா ஹவுஸா என்று இரண்டு மேசைத் தம்பிமார் சண்டை பிடித்து, சோறு ஆறிப்போனதுதான் மிச்சம். கேட்க வேண்டியதை எழுதிக் கொடுங்கள் என்றேன். வந்த கேள்விகள் இவை.

அண்ணே, பாட்டில்லாமல் டும் டும் என்று போகிற எல்லாமே டெக்னோதானே? எங்கள் அப்பா அப்படித்தான் சொல்கிறார். (செம்பனைத் தோட்டத்துத் தம்பி)

அப்பா மேல் தப்பில்லை. 90களில் நம் பட்டணத்தில் கேசட் விற்றவர்கள் எல்லாவற்றுக்கும் டெக்னோ என்றுதான் பேர் வைத்தார்கள். ஆனால் ஹவுஸும் டெக்னோவும் ஒன்றல்ல. ஹவுஸில் ஒரு சுற்றுக்கு 4 கிக் (பெரிய டிரம்மின் 'டும்'), நான்கும் ஒரே கனம், 2-ஆம் அடியிலும் 4-ஆம் அடியிலும் கைத்தட்டல், கிக்குக்கும் கிக்குக்கும் நடுவில் ஹை-ஹேட் என்ற ஜோடித் தாளத்தட்டு 'ட்ஸ்' என்று திறக்கும். வேகம் நிமிடத்துக்கு 120-லிருந்து 130 அடி வரை. இந்தக் கட்டு டிஸ்கோவிலிருந்து வந்தது, அதனால்தான் ஹவுஸில் பியானோவும் கோயில் பாட்டு மாதிரி உருகிப் பாடுகிற குரலும் இருக்கும். டெக்னோவிலும் அதே 4 கிக்தான், ஆனால் பாட்டு பின்னுக்குப் போய்விடும், இயந்திரத்தின் சத்தமே முன்னால் நிற்கும், ஒரே வரி திரும்பத் திரும்ப வந்து கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறும். வேகத்தை வைத்துப் பிரிக்கப் பார்க்காதே தம்பி, அது ஏமாற்றும்.

இதெல்லாம் ஜெர்மன்காரன் கண்டுபிடித்தது என்று என் கூட்டாளி அடித்துச் சொல்கிறான். சரியா? (வாகனப் பட்டறையில் வேலை செய்பவர்)

பாதிகூடச் சரியில்லை. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஆட்களின் பேரே அழிந்துபோகிறது. ஹவுஸ் பிறந்த இடம் சிகாகோ. 1977-ல் அங்கே வேர்ஹவுஸ் என்று ஒரு கிளப், நியூயார்க்கிலிருந்து வந்த பிராங்கி நக்கிள்ஸ் அதில் டிஜே. ஆட வந்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவரும் லத்தீன் வம்சத்தவரும், அதிலும் மற்ற இடங்களில் தலை நிமிர்ந்து நடக்க முடியாத ஓரினச் சேர்க்கையாளர்கள். 1979 ஜூலை 12 அன்று அதே ஊரில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். அதற்குப் பிறகு வானொலியும் டிஸ்கோவைக் கைவிட, புதுத் தட்டுகள் குறைய, நக்கிள்ஸ் பழைய பாட்டுகளை டேப்பில் வெட்டி ஒட்டி நீட்டினார், அப்புறம் டிரம் மெஷினை அடியில் ஓடவிட்டார். வேண்டாம் என்று எரித்ததிலிருந்துதான் ஹவுஸ் முளைத்தது.

பேர் எப்படி வந்தது என்பதில் இன்னும் சண்டை இருக்கிறது. வேர்ஹவுஸ் என்பதன் வாலைப் பிடித்து ஹவுஸ் ஆனது என்பதே பலர் சொல்வது. வீட்டில் உட்கார்ந்து செய்த இசை, அதனால் ஹவுஸ் என்பாரும் உண்டு. நான் முதல் பக்கம்.

டெக்னோவின் ஊர் டெட்ராய்ட். பக்கத்து பெல்வில்லில் ஒன்றாகப் பள்ளிக்குப் போன மூன்று கறுப்பினப் பையன்கள்: ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரத்து கிராப்ட்வெர்க் குழுவை வானொலியில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள், அதுதான் உன் கூட்டாளி சொல்வதில் இருக்கிற உண்மை. விதை அங்கிருந்து வந்திருக்கலாம், பயிர் செய்தது இவர்கள். 1988-ல் இவர்கள் இசையைத் தொகுத்து லண்டனில் ஒரு தட்டு வெளியிட்டபோது முதலில் 'டெட்ராய்ட் ஹவுஸ்' என்ற பொருளில்தான் தலைப்பு வைக்க இருந்தார்கள். அட்கின்ஸ் தந்த பாட்டின் பேரில் டெக்னோ என்ற சொல் இருந்ததால் தலைப்பு மாறியது. அதிலிருந்து அந்தப் பேர் உலகம் முழுக்கப் போனது. பெர்லின் டெக்னோவுக்குப் பேர்போனது எல்லாம் இதற்குப் பிறகு.

ஆசிட் ஹவுஸை முதலில் செய்தது ஓர் இந்தியர் என்று படித்தேன். உண்மையா தம்பி? (ஆசிரியை ஒருவர்)

அக்கா, நானும் அப்படி நம்ப ஆசைப்பட்டவன்தான். பம்பாயில் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்த சரண்ஜித் சிங், 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ அடியில் வாசித்து ஒரு தட்டு செய்தார். ரோலண்ட் கம்பெனியின் டிஆர்-808 டிரம் மெஷின், அடிச்சுரம் வாசிக்கும் டிபி-303 பேஸ் மெஷின், பின்னால் ஆசிட் ஹவுஸ்காரர்கள் எடுத்த அதே கருவிகள். 303-ல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போக ஒரு வசதி உண்டு, அது நம் கமகத்துக்கு அப்படியே பொருந்துகிறது, கேட்டால் மயிர்க்கூச்செறியும். ஆனால் அந்தத் தட்டு விற்கவில்லை, சிகாகோவுக்குப் போய்ச் சேர்ந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை. அங்கே நடந்தது வேறு. கிதார்காரருக்குத் துணையாக பேஸ் வாசிக்க என்று விற்ற 303 எடுபடாமல் உற்பத்தி நின்று, பழைய சாமானாக மலிவு விலைக்கு வந்தது. ஃப்யூச்சர் என்ற குழு அதை வாங்கி, ஓடும்போதே குமிழ்களைத் திருகி ஆசிட் ஹவுஸின் அடையாளமான கீச்சு நெளிவை எடுத்தது, 1987-ல் தட்டாக வந்தது. சரண்ஜித் சிங்கை முன்னோடி என்று தாராளமாகச் சொல்லலாம், ஆசிட் ஹவுஸின் தகப்பன் என்று சொல்ல முடியாது.

டிரான்ஸ் என்கிற வகை எங்கிருந்து வந்தது, எப்படி இருக்கும்?

90களின் தொடக்கம், பிராங்ஃபர்ட் பக்கம். இதில் ஜெர்மன்காரர்களுக்கு முழு மதிப்பு கொடு. நடுவில் கிக் நின்று, மெட்டு மட்டும் ஏறி ஏறி வந்து, மறுபடி கிக் விழும். எனக்கு அவ்வளவு பிடிக்காது, ஆனால் விருந்தில் கூட்டத்தை எழுப்ப இதை விட்டால் வேறில்லை.

மாமா, டிரம் அண்ட் பேஸ், டப்ஸ்டெப் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? உறுமி மேளத்தோடு சேர்க்க முடியுமா? (உறுமிக் குழுப் பையன், படிவம் 5)

இரண்டும் இங்கிலாந்து, இரண்டுக்கும் பின்னால் ஜமைக்கா மக்களின் சவுண்ட் சிஸ்டம். டிரம் அண்ட் பேஸ் நிமிடத்துக்கு 170 அடிப் பக்கம், கிக் நேராக வராது, உடைந்து உடைந்து ஓடும். அந்த உடைந்த அடியில் பெரும்பங்கு 1969-ல் வின்ஸ்டன்ஸ் குழுவின் ஒரு தட்டில் கிரிகரி கோல்மன் அடித்த சுமார் 7 வினாடி டிரம்தான். ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அதை வெட்டிப் போட்டார்கள். அவர் கைக்கு ஒரு காசு வரவில்லை, 2006-ல் வீடில்லாதவராகச் செத்துப்போனார். மேளம் அடிக்கிறவன் பேரை யாரும் எழுதி வைப்பதில்லை என்பது உனக்கும் தெரியும்.

டப்ஸ்டெப் தெற்கு லண்டன் குரோய்டனில் 2000-ஐ ஒட்டி உருவானது. 140 அடி, ஆனால் ஸ்நேர் (சின்ன டிரம்மின் 'டக்') மூன்றாவது அடியில் மட்டும் விழுவதால் பாதி வேகம் மாதிரி தெரியும். அதன் பேஸ் உறுமுகிற விதத்தைக் கேள், வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது உன் உறுமியில் வருகிற அதே முனகல். அதனால் சேர்ப்பதானால் டப்ஸ்டெப்போடு சேர். ஹவுஸோடு போட்டால் இடிக்கும், நீங்கள் கோயிலில் அடிக்கிற பல அடிகள் மூன்று மூன்றாக நடக்கின்றன, ஹவுஸ் நான்கு நான்காக நடக்கிறது. ஒரு கிக்குக்குள் மூன்று அடி உட்காரும்படி மெஷினை வைத்துப் பார். இன்னொன்று, சாமி வரும் நேரம் உங்கள் கை தானாக வேகம் பிடிக்கும், மெஷின் பிடிக்காது. அதனால் உறுமியை முதலில் பதிவு செய்து, மெஷினை அதற்குப் பின்னால் ஓட விடு.

கைபேசியில் போட்டுக் கேட்டுவிட்டு வித்தியாசம் தெரியவில்லை என்று வந்து நிற்காதே, அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கிக்கின் அடிப்பாகம் வரவே வராது. சனிக்கிழமை நான் லாரியில் சாமான் ஏற்றுவதற்கு முன்னால், நாலு மணிபோல் உறுமியோடு கடைக்கு வா. 18 அங்குல பேஸ் பெட்டி இரண்டு வெளியேதான் இருக்கும்.