மறு: ஆக்சன்ஃப்ரீ, ஒரு மணி நேரத்தில் சலித்துவிட்டது, தொடரலாமா?

ஆக்சன்ஃப்ரீ என்ற வீடியோ கேமில் நடப்பதும் பேசுவதும்தான் விளையாட்டா, நாம் தேர்ந்தெடுக்க வேண்டிய பதிலைப் படிப்பதற்குள் அது வரும் பேச்சுக் குமிழி மறைந்துவிடுகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் புகார் நியாயமானது. நாம் ஆடும் நாயகி அலெக்ஸ் நடக்கிற நடைக்கு ஆமையே முந்திவிடும். வந்த வழியே திரும்பவேண்டிய இடங்களில் எனக்கும் கொட்டாவி வந்தது. புதிர்களும் பேருக்குத்தான். அவள் கையிலிருக்கும் வானொலியின் முள்ளைத் திருப்பிக்கொண்டே இருந்தால் கதவு திறந்துவிடும்.

ஆனால் குமிழி மறைவது குறை அல்ல, அதுதான் ஆட்டமே. எதையும் அழுத்தாமல் விட்டால் அலெக்ஸ் மௌனமாக இருக்கிறாள்; அந்த மௌனமும் ஒரு பதில்தான். அவளோடு வந்திருக்கும் கிளாரிஸா குத்திப் பேசும்போது ஒருமுறை வாயைத் திறக்காமல் இருந்து பாருங்கள். உண்மையான தொல்லை வேறு: பேச்சு நடுவில் இருக்கும்போதே ஏணியில் ஏறினாலோ அடுத்த இடத்துக்கு நகர்ந்தாலோ உரையாடல் அறுந்துபோகும். பேசி முடிக்கும்வரை நின்றுவிடுங்கள், பாதி எரிச்சல் போய்விடும்.

நீங்கள் இன்னும் கதையில் வரும் குகையைத் தாண்டவில்லை என்று நினைக்கிறேன். அமானுஷ்யம் அங்கேதான் தொடங்குகிறது. திடுக்கிட வைக்கும் காட்சிகள் குறைவு. இரைச்சலுக்கு நடுவே யாரோ பழைய ஒலிபரப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிப் பேசுவதுபோல் ஒரு குரல் வரும். ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள், ஒலிபெருக்கியில் அது வீணாகிவிடும்.

மொத்தமே ஐந்து மணி நேரம்தான். குகைக்குப் பிறகு இன்னும் ஒரு மணி நேரம் ஆடுங்கள். அப்போதும் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் அழித்துவிடலாம்.