சர்வரில் டைம்ஜோன்: வேலூர் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

காட்பாடி: சார், பைத்தான் 3.11, பைடிஇசட் லைப்ரரி. பில் நேரத்துக்கு ஏஷியா/கொல்கத்தா கொடுத்தா, உலகப் பொது நேரமான யுடிசியோட வித்தியாசம் 5:30 வராம 5:53 வருது. அந்த 23 நிமிஷம் எங்கிருந்து வருது?

லைப்ரரி பழுதாகவில்லை. டைம்ஜோன் கோப்பில் ஊரின் பழைய நேரங்களும் வரிசையாக இருக்கும். கொல்கத்தாவுக்கு முதல் வரி, சூரியனை வைத்துக் கணித்த உள்ளூர் நேரம்: 5:53:28. பிறகு நம்ம மதராஸ் நேரம், 5:21:10. 1906 ஜனவரியில்தான் 5:30 வருகிறது. டேட்டைமை (பைத்தானின் தேதி-நேர மதிப்பை) உருவாக்கும்போதே பைடிஇசட் மண்டலத்தை, அதாவது டைம்ஜோனை, உள்ளே கொடுத்தால், அது தேதியைப் பார்க்காமல் முதல் வரியை எடுத்துக்கொள்கிறது. மண்டலம் இல்லாத டேட்டைமை உருவாக்கி, அதற்கு அப்புறம் லோக்கலைஸ் மூலம் சேர்த்தால் சரியாக வரும்.

அதைவிட நல்லது, பைத்தான் 3.9 முதல் கூடவே வரும் ஜோன்இன்ஃபோவுக்கு மாறுவது. அதில் மண்டலத்தை நேராகவே கொடுக்கலாம். ஏற்கெனவே யுடிசியாகச் சேமித்த பில்கள் 23 நிமிடம் முந்தி நிற்கும். பிழையான அந்த நிரல் எழுதிய வரிகளில் மட்டும் 23 நிமிடம் கூட்டுங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள்.

சத்துவாச்சாரி: டாக்கர்ல ஸ்லிம் இமேஜ். ஜோன்இன்ஃபோ "மண்டலம் கிடைக்கவில்லை"ன்னு நிக்குது.

இமேஜில் டிஇசட்டேட்டா, அதாவது டைம்ஜோன் கோப்புகளின் தொகுப்பு, இல்லை. பிப் மூலம் டிஇசட்டேட்டாவை நிறுவி, ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பிலும் சேருங்கள். ஜோன்இன்ஃபோ முதலில் சிஸ்டம் கோப்புகளைத் தேடும், இல்லாவிட்டால்தான் இந்தப் பேக்கேஜுக்கு வரும்.

ராணிப்பேட்டை: அண்ணே, டேட்டாபேஸைப் புது உபுண்டு 24.04-க்கு மாத்தினோம். ஜாவா ஆப் கனெக்ட் ஆகும்போதே, டைம்ஜோன் மதிப்பு "ஏஷியா/கல்கட்டா" செல்லாதுன்னு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் தள்ளுது. பழைய சர்வர்ல ஓடிச்சே?

கல்கட்டா என்பது கொல்கத்தாவின் பழைய பெயர். இந்த மாதிரிப் பழைய பெயர்களை உபுண்டு இப்போது டிஇசட்டேட்டா-லெகஸி என்று தனிப் பேக்கேஜாகப் பிரித்துவிட்டது. ஜாவா டிரைவர், கனெக்ட் ஆகும்போது தன் மெஷினின் மண்டலப் பெயரை அப்படியே அனுப்பும். விண்டோஸ் மெஷினில் அது பெரும்பாலும் கல்கட்டா என்றுதான் இருக்கும். லெகஸி பேக்கேஜை டேட்டாபேஸ் சர்வரில் நிறுவினால் இன்றைக்கே ஓடும். ஆனால் அடுத்த சர்வரிலும் இதே கதை. ஜாவாவைத் தொடங்கும் வரியில் யூசர்.டைம்ஜோன் மதிப்பை ஏஷியா/கொல்கத்தா என்று வையுங்கள். வேரில் சரியாகும்.

இன்னொன்று: போஸ்ட்கிரஸில் இந்திய நேரத்தை "ஐஎஸ்டி" என்று சுருக்கி எழுதாதீர்கள். இயல்பான அமைப்பில் அது இஸ்ரேல் நேரம், யுடிசி +2. மூன்றரை மணி நேரம் சத்தமில்லாமல் தவறும்.

ஆம்பூர்: ஷூ ஏற்றுமதி கம்பெனி. ஜெர்மனி பையரோட வாராவாரம் அவங்க ஊர் மதியம் 2 மணிக்கு மீட்டிங். நவம்பர்ல நினைவூட்டல் ஒரு மணி நேரம் முன்னாடியே வருது.

நடந்து முடிந்ததை யுடிசியில் வையுங்கள். வரப்போகும் சந்திப்பை அப்படி வைக்கக் கூடாது. "14:00, யூரோப்/பெர்லின்" என்றே சேமித்து, ஒவ்வொரு வாரமும் மாற்றிக் கணக்கிடுங்கள். கோடையில் நமக்கு மாலை 5:30, குளிர்காலத்தில் 6:30. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அவர்கள் கடிகாரம் மாறுகிறது.

குடியாத்தம்: கிளினிக் சாஃப்ட்வேர். 1943-ல பிறந்த ஒரு பெரியவரோட பிறந்த தேதி ஒரு நாள் குறைஞ்சு காட்டுது. இளையவங்களுக்குச் சரியா இருக்கு.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்திய நேரம் 6:30 ஆக இருந்தது. 10-6-1943 நள்ளிரவை 6:30 கணக்கில் யுடிசியாக்கினால் 9-ஆம் தேதி 17:30. படிக்கும் பக்கம் யாரோ 5:30 என்று நிலையாக எழுதியிருந்தால் 9-ஆம் தேதி 23:00 ஆகிவிடும். ஒரு நாள் போச்சு. பிறந்த தேதிக்கு நேரமே தேவையில்லை. பிறந்த தேதி இருக்கும் நெடுவரிசையை டேட் (தேதி மட்டும்) வகைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது அந்த ஆண்டுகளின் வரிகளைப் பழைய ரிஜிஸ்டரோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். முதியோர் உதவித்தொகைக்கும் காப்பீட்டுக்கும் அவர்கள் காட்டப்போவது அந்தத் தேதியைத்தான்.

வாணியம்பாடி: டிஇசட்டேட்டா அப்டேட் எவ்வளவு நாளைக்கு ஒருமுறை?

புது வெளியீடு வரும்போதெல்லாம். நம்ம நேரம் மாறாது. ஆனால் கஜகஸ்தான் 2024 மார்ச்சில் நாடு முழுவதையும் +5 ஆக்கியது. உபுண்டுவில் ஏபிடி அப்கிரேட் சிஸ்டம் கோப்பை மட்டும் மாற்றும். ஜாவா தன் பிரதியைத் தானே வைத்திருக்கிறது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் அட்டவணைகளில் மண்டலங்களைத் தனியாக ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் மண்டலப் பெயர் கொடுத்து நேரத்தை மாற்றும் கன்வர்ட்_டிஇசட், விடையாக வெற்று மதிப்பை (null) கொடுக்கும். கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும் ஆப்களையும், சர்வர் மண்டலத்தையே மாற்றியிருந்தால் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.