கோபர் கேஸில் நிலக்கரித் தூள்

ஐயா, வணக்கம். பூமிக்கடியில் நிலக்கரியை நுண்ணுயிரிகள் மீத்தேனாக மாற்றுவதாகப் படித்தேன். எங்கள் தொழுவத்தை ஒட்டி ஒரு கோபர் கேஸ் கலன் ஓடுகிறது. சாணிக் கரைசலோடு நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைத் தூளாக்கிக் கலந்தால் வாயு அதிகம் வருமா?

வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள நண்பருக்கு,

வராது. தூள் அடியில் மண்டியாகப் படிந்து கலனின் இடத்தை அடைக்கும், அவ்வளவுதான்.

மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிரிகளுக்கு உங்கள் கலனில் பஞ்சமில்லை. பிசான வயலில் சேற்றை மிதித்தால் குமிழி விடுகிறதே, அதுவும் இந்தக் கூட்டத்தின் வேலைதான். ஆனால் அசிட்டேட், ஹைட்ரஜன், மெத்தனால் போன்ற சின்னச் சின்ன மூலக்கூறுகள்தான் இவற்றின் தீனி. நிலக்கரியோ, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் வழிவந்த வளையங்கள் இறுகப் பின்னிய பெரும் பின்னல். வேறு பாக்டீரியாக்கள் அதை அறுத்து உதிர்க்க வேண்டும், இன்னொரு கூட்டம் அதை நொதிக்கவைத்து அசிட்டேட்டாக்க வேண்டும். அந்த முதல் வெட்டில்தான் எல்லாம் தேங்குகிறது. போட்டது 30–40 நாளில் வெளியேறிவிடும் கலனில் அதற்கு அவகாசம் ஏது? அமெரிக்காவின் பவுடர் ரிவர் படுகையில் நிலக்கரியோடு கிடைக்கும் மீத்தேன் பெரும்பாலும் நுண்ணுயிரிகள் தந்ததுதான். ஆனால் அது புவியியல் காலக் கணக்கு.

ஒரு விதிவிலக்கு உண்டு. நிலக்கரியிலுள்ள மெத்தாக்சி சேர்மங்களை (ஆக்சிஜன் வழியாக ஒற்றைக் கார்பன் கிளை ஒட்டியவை) மெத்தெர்மிகாக்கஸ் என்ற ஆர்க்கியா நேரடியாகவே மீத்தேனாக்குவதை 2016இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்குப் பிடித்த சூடு 65 டிகிரி. உங்கள் கலனில் அது பிழைக்காது.

கல்லூரி ஆய்வகம் கைவசம் இருந்தால், கரியிலிருந்து மீத்தேன் வருகிறதா என்று சோதிக்கலாம். ரப்பர் மூடியிட்ட சீரம் பாட்டில்களில் நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனை விரட்டுங்கள். ஆக்சிஜனைக் காட்டிக்கொடுக்கும் ரெசசூரின் என்ற சாயத்தில் துளி சேர்த்தால், இளஞ்சிவப்பு மறையும்வரை ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். கரி, நுண்ணுயிரி, ஊட்டம் மூன்றும் ஒரு பாட்டிலில். கரி மட்டும் இல்லாமல் இன்னொன்று. நுண்ணுயிரியைக் கொன்றுவிட்டு மூன்றாவது. இரண்டாவதைச் சோம்பலால் விட்டுவிட்டால் மோசம்: ஊட்டமாகப் போட்ட ஈஸ்ட் சாறே மீத்தேனாகும், கரியிலிருந்து வந்ததாக நாம் மகிழ்ந்துகொண்டிருப்போம். சல்பேட் மிகுந்த போர்த் தண்ணீரும் ஆகாது. சல்பேட்டை உண்ணும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜனை முந்திக்கொண்டு எடுத்துவிடும். அழுகிய முட்டை நாற்றம்தான் மிஞ்சும்.

கலனில் வாயு கூட வேண்டுமானால் வடிகஞ்சி இருக்கிறது. தினமும் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் கரைசல் புளித்துவிடும், பிஎச் 6.5க்குக் கீழே போனால் மீத்தேன் படுத்துவிடும், அடுப்பும் சரியாக எரியாது. அப்படி ஆனால் கஞ்சியை நிறுத்திவிட்டுச் சில நாள் சாணி மட்டும் விடுங்கள்.